கணினியின் குரலும் அதன் மௌனமும்

1951 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்த சிலர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் மான்செஸ்டர் நகருக்குச் சென்றனர். அங்கே ஓர் அறையை நிறைத்து நின்ற ஃபெரான்டி மார்க் 1 என்னும் கணினி இசை எழுப்புகின்றது என்பது அவர்கள் கேள்வியுற்ற செய்தி. பதிவுத் தட்டுச் சுழலத் தொடங்கியது. பொறி முதலிற் பிரித்தானிய நாட்டுப் பண்ணை இசைத்தது. அடுத்து, கறுப்பு ஆட்டைப் பற்றி ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பாட்டை இசைத்தது. மூன்றாவதாக, கிளென் மில்லர் குழுவினர் நடன மண்டபங்களிற் புகழ்பெறச் செய்த 'இன் த மூட்' என்னும் மெட்டைத் தொடங்கி, சிறிது தூரம் சென்றதும் திடீரென நின்றுவிட்டது. கூடியிருந்தோர் சிரித்தனர். பாட்டின் பெயரையே சிலேடையாக வைத்து, பொறிக்கு இப்பொழுது மனம் இல்லைப் போலும் என்று நிகழ்ச்சியை நடத்திய பெண்மணி கூறியதும் அத்தட்டிற் பதிவாயிற்று. கணினி எழுப்பிய இசையின் பதிவுகளில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே. ஆகவே கணினியின் இசையும், கணினி திடீரென ஒலியிழந்த நிகழ்ச்சியும், ஒரே தட்டில் ஒன்றையடுத்து ஒன்றாக வரலாற்றுட் புகுந்தன எனலாம்.

இன்று வீட்டு மேசையிலுள்ள கணினி, நேற்றிரவு வரை செய்தியும் பாட்டும் பாடமும் ஒலித்துவிட்டு, காலையில் வாய் திறவாது நிற்பதுண்டு. திரையிற் படம் ஓடுகின்றது; பேசுவோரின் உதடு அசைகின்றது; ஒலி மட்டும் இல்லை. வீட்டார் ஒலியளவை ஏற்றிப் பார்க்கின்றனர். கம்பியைப் பிடுங்கிச் செருகுகின்றனர். இறுதியிற் பொறியையே பழிக்கின்றனர். இதில் அவர்கள் மேற் குற்றமில்லை. ஒலி பிறக்கும் செய்நிரலுக்கும் அது வெளிப்படும் ஒலிபெருக்கிக்கும் இடையே உள்ள பாதை நீண்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலத்திற் பகுதி பகுதியாக, வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு தேவைக்காக அமைத்தது. ஒரு காலத்துப் பழுதை நீக்க இட்ட ஒவ்வொரு பகுதியும், பழுது ஒளிந்துகொள்ள மற்றோர் இடத்தையும் சேர்த்தே அமைத்துவிட்டது. அப்பாதை எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிந்தவன் ஒலி எங்கே தங்கி நிற்கும் என்பதையும் அறிவான்.

முதற்கண் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. கணினிக்கு ஒலிபெருக்கி பொருத்தியது இசைக்காக அன்று, பழுது காண்பதற்காகவே. மான்செஸ்டர்ப் பொறியிலிருந்த ஒலிபெருக்கியை அங்குள்ளோர் 'ஹூட்டர்' என்று அழைத்தனர். ஒரு குறித்த கட்டளையைப் பொறி நிறைவேற்றும்போதெல்லாம் ஒலிபெருக்கிக்கு ஒரு மின் துடிப்புச் செல்லும். ஒரு துடிப்பு, ஒரு 'டக்'. அக்கட்டளையைச் சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் நிறைவேற்றினால் 'டக்' என்பன ஒன்றோடொன்று இணைந்து ஒரு சுரமாகக் கேட்கும். பொறிக்கான கைந்நூலை எழுதிய அலன் டியூரிங், இந்தச் சுரங்களைக் கொண்டு வேலை முடிந்தது, நினைவகம் நிரம்பி வழிந்தது, எண்களை இடம் மாற்றும்போது பிழை நேர்ந்தது என்பனவற்றைப் பொறியைக் கவனிப்போருக்கு அறிவிக்கலாம் என்று கருதினார். சுரங்களை வரிசைப்படுத்தி நாட்டுப் பண்ணாக்கியவர் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி. அப்பொழுது அவர் ஹரோ பாடசாலையில் ஓர் ஆசிரியர். இரவு முழுவதும் பொறியோடு தனித்திருந்து செய்நிரலை ஓட்டினார். விடியற்காலையிற் பொறி நாட்டுப் பண்ணை இசைக்கக் கண்டு பல்கலைக்கழகத்தார் திகைத்தனர். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்த ஒருவர் எச்சரிக்கை மணியைப் பாட்டுக் கருவியாக்கினார் என்பது ஆசிரியர்கள் மகிழ்தற்குரியது.

அதே 1951 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் சிசிராக் என்னும் கணினி, மாநாடு ஒன்றிற்கு வந்தோர் முன்னிலையில் ஒரு படைவீரர் நடைமெட்டை இசைத்தது. அங்கும் ஒலிபெருக்கியின் முதல் வேலை செய்நிரல் எவ்வளவு தூரம் சென்றுள்ளது, எங்கே நின்றது என்பதைக் காதால் அறியச் செய்வதே. சிட்னியின் இசையை எவரும் பதிவு செய்யவில்லை. மான்செஸ்டர்ப் பதிவையும் பல்லாண்டுகள் கழித்தே ஆராய்ந்தனர். 2016 இல் நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் கோப்லண்ட், ஜேசன் லோங் என்னும் இருவர், அப்பொறி எழுப்பக்கூடிய சுரங்கள் இவையிவையே என்று கணக்கிட்டு, தட்டிலுள்ள சுரங்கள் அவற்றுக்கு ஒவ்வாமையைக் கண்டனர். பதிவுக் கருவி தவறான வேகத்திற் சுழன்றிருந்தது. வேகத்தைத் திருத்தி உண்மை ஒலியை மீட்டனர். கேட்பதில் உள்ள குறை பொறியிலா பாதையிலா என்று பிரித்தறிவதே அவர்கள் கையாண்ட முறை. வீட்டில் ஒலியைத் தேடுவோரும் செய்ய வேண்டியது அதுவே.

கணினி வீட்டுக்குள் வந்த காலத்தில் அதற்குக் குரல் இல்லை. 1975 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்ரெயர் 8800 என்னும் பொறிக்குத் திரையில்லை, விசைப்பலகையில்லை, ஒலிபெருக்கியுமில்லை; முகப்பில் ஆளிகளும் சிறு விளக்குகளும் மட்டுமே இருந்தன. அதை வாங்கிப் பூட்டியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் டொம்பியர், ஒருநாள் எண்களை வரிசைப்படுத்தும் செய்நிரலை ஓட்டியவாறு, அருகே வானொலியில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். பொறி வேலை செய்யும்போதெல்லாம் வானொலி இரைந்தது. மின்னலும் மோட்டார் வண்டியும் வானொலியில் இரைச்சல் உண்டாக்குவதை நேயர்கள் அறிவர். இங்கே இரைச்சலை உண்டாக்கியது கணினியின் மின்சுற்று வெளியிட்ட அலை. வேறொருவராயின் வானொலியை எட்ட வைத்திருப்பார். டொம்பியரோ எந்தக் கட்டளைக்கு எந்தச் சுரம் எழுகின்றது என்று குறித்துக்கொண்டு, அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் கலிபோர்னியாவில் வீட்டுக்கணினி ஆர்வலர் கூடிய ஒரு கூட்டத்துக்குப் பொறியையும் வானொலியையும் எடுத்துச் சென்றார். ஆளிகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் செய்நிரலை உள்ளிட்ட பின், பீற்றில்ஸ் குழுவினரின் 'த ஃபூல் ஒன் த ஹில்' வானொலி வழியாக ஒலித்தது. கூடியிருந்தோர் எழுந்து நின்று கரவொலி செய்தனர். அதன் பின் 'டெய்சி' என்னும் பாட்டும் வந்தது. 1961 இல் பெல் ஆய்வுகூடத்திற் கணினி மனிதக் குரலைப் போன்ற குரலிற் பாடிய பாட்டு அது. வீட்டுக் கணினியின் முதல் ஒலிபெருக்கி ஒரு வானொலிப் பெட்டியே என்பது வானொலி கேட்போர் பெருமைப்படத்தக்க செய்தி.

1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது பீ.சீ. என்னும் கணினியை வெளியிட்டபோது அதனுள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது. அதற்கு ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவுமில்லை. ஒரே உரப்பில் 'பீப்' என்று கத்துவது மட்டுமே அதற்குத் தெரியும். ஆயினும் அதன் கடமை மான்செஸ்டர் ஹூட்டரின் கடமையே. மின்சாரம் பாய்ந்ததும் பொறி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். யாவும் நலமாயின் ஒரு குறுகிய ஒலி. திரைக்குரிய அட்டை பழுதாயின் ஒரு நெடிய ஒலியும் இரு குறுகிய ஒலிகளும். திரையே தெரியாத வேளையில் திரை தெரியவில்லை என்பதைச் சொல்ல வேறு வழி ஏது? காதிற் கேட்டவுடன் எந்தப் பகுதியைக் கழற்ற வேண்டும் என்று திருத்துவோன் அறிந்தான்.

அலுவலகத்துக்கு அது போதும். விளையாட்டுக்கும் இசைக்கும் போதவில்லை. கனடாவின் கியூபெக் நகரில், லாவால் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்த மார்ட்டின் பிரேவல் என்பார் 1987 இல் 'அட்லிப்' என்னும் ஒலியட்டையைக் கொணர்ந்தார். அதிலிருந்த யமஹா நிறுவனத்துச் சில்லு பல இசைக்கருவிகளின் நாதத்தை ஒத்த ஒலிகளை ஒரே வேளையில் எழுப்பவல்லது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 4' என்னும் விளையாட்டு இத்தகைய அட்டைகளுக்கென இசையமைக்கப்பட்டதால் மக்கள் அட்டையை விரும்பி வாங்கினர். சிங்கப்பூரில் சிம் வொங் ஹூ தம் நண்பரோடு நிறுவிய கிரியேட்டிவ் என்னும் நிறுவனம் 1989 இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டது. அட்லிப் செய்ததையெல்லாம் அது செய்தது. அதற்கு மேலாக, பதிவு செய்த மனிதக் குரலையும் ஒலிக்கச் செய்தது. மூன்றாண்டுகளில் அட்லிப் நிறுவனம் நொடித்தது. சிறு தீவொன்றிலிருந்து புறப்பட்ட அட்டை, உலகெங்கும் ஒலியட்டைகளுக்கு அளவுகோலாயிற்று.

இங்கேதான் வீட்டார் அறிந்த 'ஒலி வரவில்லை' என்னும் முறைப்பாடு உண்மையிற் பிறக்கின்றது. கணினிக்குள் ஒவ்வோர் அட்டையும் செயலியின் கவனத்தை ஈர்க்க ஒரு அழைப்புக் கம்பியைப் பயன்படுத்தும். வீட்டு வாயில் மணியைப் போன்றது அது. முதற் பீ.சீ.யில் அத்தகைய வழிகள் எட்டு. 1984 இல் வந்த ஏ.ரீ. கணினியிற் பதினாறு, அவற்றுட் பலவும் விசைப்பலகை, கடிகாரம், தட்டு என்பனவற்றுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. சவுண்ட் பிளாஸ்டரின் தொடக்ககால அட்டைகள் ஏழாம் எண் வழியைக் கொண்டு விற்பனைக்கு வந்தன. அச்சுப்பொறிக்குரிய துறைக்கும் அதே ஏழாம் எண்ணே. அக்காலச் செய்நிரல்கள் பல அச்சிடும்போது அவ்வழியைப் பயன்படுத்தாமையாற் பல வீடுகளில் இருவரும் சண்டையின்றி வாழ்ந்தனர். சில வீடுகளில் வாழவில்லை. அங்கே விளையாட்டுத் தொடங்கியதும் ஒலியின் முதற் துணுக்கு ஒன்று கீறல் விழுந்த இசைத்தட்டைப் போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அல்லது பொறி அசைவற்று நிற்கும். அல்லது ஒன்றுமே கேளாது.

பரிகாரம் வருமாறு. பெட்டியைத் திறந்து, அட்டையிலுள்ள சின்னஞ்சிறு இணைப்புத் துண்டைப் பிடுங்கி வேறு ஊசிகளிற் செருகி, ஏழாம் வழியை ஐந்தாக மாற்ற வேண்டும். பின்னர், கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில் ஒரு வரியைத் திருத்த வேண்டும்: ஏ220, ஐ5, டி1. அட்டையின் முகவரி 220, அழைப்பு வழி ஐந்து, நினைவகத்துக்கு நேரே செல்லும் வழி ஒன்று என்பது அதன் பொருள். அட்டையில் ஒன்றும் கோப்பில் வேறொன்றும் இருந்தால் ஒலி இராது. அக்காலத்தில் வீட்டுக் கணினி வைத்திருந்த சிறுவர் பலர் இவ்வெண்களைப் பெருக்கல் வாய்பாட்டைப் போல் மனனஞ் செய்திருந்தனர். வருந்தத்தக்க கல்வி என்று சிலர் கூறுவர். ஆயினும் பொறியின் உள்ளமைப்பைக் கண்ணாற் கண்டு கையாற் தொட்டு அறிந்த கடைசித் தலைமுறை அதுவாகவே தோன்றுகின்றது.

இன்னொன்று. அக்காலத்து இறுவட்டியக்கி, இசை வட்டைப் பாடும்போது ஒலியைக் கணினியின் செயலி வழியாக அனுப்பவில்லை. இயக்கியின் பின்புறத்திலிருந்து ஒலியட்டைக்குச் சென்ற மெல்லிய கம்பியின் வழியே நேராக அனுப்பியது. அக்கம்பியைப் பூட்ட மறந்த வீட்டில் விளையாட்டெல்லாம் ஒலிக்கும். இசை வட்டு மட்டும் சுழன்றுகொண்டே ஊமையாயிருக்கும். செய்நிரலை எத்தனை முறை மாற்றியும் பயன் விளையாது.

1995 ஓகஸ்ட் 24 அன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 95 வெளிவந்தது. அட்டையைச் செருகினாற் போதும், அழைப்பு வழியையும் முகவரியையும் பணிசெயல் முறைமையே பங்கிட்டுக் கொடுக்கும் என்பது அதன் வாக்குறுதிகளுள் ஒன்று. இணைப்புத் துண்டு மறையத் தொடங்கியது. ஆயினும் முறைமையும் அட்டையும் உரையாட ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அதுவே டிரைவர் எனப்படும் செலுத்தி மென்பொருள். அது இல்லையேல், அல்லது பிழையானது இருந்தால், சாதனங்களின் பட்டியலில் ஒலியட்டையின் பெயருக்கருகே மஞ்சள் நிறத்தில் ஒரு வியப்புக்குறி தோன்றும். செருகு, இயக்கு என்ற விளம்பரத் தொடரைச் செருகு, பிரார்த்தி என்று மாற்றிக் கேலி செய்தோர் பலர். பழுது ஊசிமுனையிலிருந்து மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி கண்ணுக்குத் தெரியாதவனானான்.

அடுத்து ஒலியட்டையே மறையலாயிற்று. 1997 இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.சீ. 97 என்னும் நியமமும், 2004 இல் அதன் இடத்தைப் பெற்ற உயர்தர ஒலி நியமமும் ஒலிச் சில்லைத் தாய்ப்பலகையிலேயே பதிக்க வழிசெய்தன. தனி அட்டையை வாங்கிச் செருகிய வீட்டிற் பலகையிலுள்ளது ஒன்று, அட்டையிலுள்ளது ஒன்று என இரண்டு வாய்கள் உண்டாயின. கணினி ஒன்றின் வழியே பேச, ஒலிபெருக்கி மற்றதிற் பூட்டப்பட்டிருப்பது வழமையாயிற்று. பின்புறத் துளைகளுக்கு நிறம் வகுத்ததும் அக்காலத்திலேயே: ஒலிபெருக்கிக்கு எலுமிச்சைப் பச்சை, ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு, வெளியிலிருந்து வரும் ஒலிக்கு இளநீலம். நிறம் தெரிந்தும், மேசைக்கடியில் இருட்டிற் கைந்நீட்டித் தவறான துளையிற் செருகியோர் எண்ணிறந்தோர்.

அத்துளையின் பழமையைப் பலர் அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் இணைப்பாளர் அழைப்போரையும் கேட்போரையும் இணைக்கச் செருகிய செருகியின் வழித்தோன்றலே அது. பருமன் மட்டும் சிறுத்துள்ளது. காதொலிக் கருவியைச் செருகும்போது துளைக்குள் உள்ள ஒரு மெல்லிய உலோகத் தகடு விலகும். ஒலிபெருக்கிக்குச் செல்லும் வழி அடைபடும். செருகியை எடுத்ததும் தகடு பழைய நிலைக்கு மீளும். சிறு வானொலிப் பெட்டிகளிலும் இவ்வமைப்பு உண்டு. தூசியாலோ தேய்வாலோ தகடு மீளாதுவிடின், காதொலிக் கருவி பூட்டப்பட்டுள்ளது என்றே பொறி நம்பும். புதிய கணினிகளில் அத்தகடு ஒலியை நேரே மறிப்பதில்லை. செருகப்பட்டுள்ளது என்ற செய்தியை மட்டும் மென்பொருளுக்குக் கூறுகின்றது, முடிவை மென்பொருள் எடுக்கின்றது. பயன் ஒன்றே: ஒலி, அங்கே இல்லாத ஒரு காதுக்குச் செல்கின்றது. திடீரென ஊமையான மடிக்கணினி பலவற்றிற் செருகியை நாலைந்து முறை செருகி எடுத்ததும் ஒலி மீண்டதற்குக் காரணம் இதுவே, மந்திரம் எதுவுமில்லை.

2007 ஜனவரியிற் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலியின் பாதையை அடியோடு மாற்றி அமைத்தது. அதற்கு முன் ஒலி வேலையின் பெரும்பகுதி முறைமையின் கருவிலேயே நடந்தது. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் முழுப் பொறியும் நீலத் திரையைக் காட்டி வீழும். ஆகவே வேலையின் பெரும் பங்கைக் கருவுக்கு வெளியே எடுத்து, பின்னணியில் ஓடும் ஒரு சேவையிடம் ஒப்படைத்தனர். நல்ல மாற்றமே. ஒலி தவறினாற் பொறி வீழாது. ஒலி மட்டும் வீழும். சேவை நின்றுவிட்டால், ஒலிபெருக்கிப் படத்தின் மேற் சிவப்புக் குறுக்குக் குறி தோன்றும். கணினியை மறுபடி தொடக்கினாற் குணமாகின்றது என்று மக்கள் கூறுவதில் உண்மை உண்டு. அச்சேவை புதிதாகத் தொடங்குகின்றது. அதே விஸ்டாவில் ஒவ்வொரு செய்நிரலுக்கும் தனித்தனி ஒலியளவும் வந்தது. பொது அளவு முழுமையாக இருந்தும் ஒரு செய்நிரல் மட்டும் ஊமையாயிருக்க அன்று முதல் இடமுண்டாயிற்று.

இதன் பின் வாய்கள் பெருகின. படத்தையும் ஒலியையும் ஒரே வடத்திற் கொண்டுசெல்லும் எச்.டீ.எம்.ஐ. நியமம் 2002 இன் இறுதியில் வெளியானது. புதிய திரையை அவ்வடத்தாற் பூட்டியதும் கணினி ஒலியையும் திரைக்கே அனுப்பிவிடுவதுண்டு. அத்திரையில் ஒலிபெருக்கி இல்லாது, காதொலிக் கருவிக்குத் துளை மட்டுமே இருக்கலாம். கம்பியில்லாக் காதொலிக் கருவியோ அடுத்த அறையில் மேசை இழுப்பறைக்குள் கிடந்தவாறே இணைந்து, வீட்டின் ஒலி முழுவதையும் தானே குடித்துக்கொண்டிருக்கும். இணைய உலாவியும் தன் பங்குக்குக் காவல் வைத்தது. 2018 இன் தொடக்கத்திற் கூகிளின் குரோம் உலாவி ஒரு தளத்தை நிலையாக ஊமையாக்கும் வசதியைக் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்பிரலில், பயன்படுத்துவோர் தொடாத வரை தளங்கள் ஒலியுடன் தாமாக ஓடக் கூடாது என்றும் விதித்தது. விளம்பர இரைச்சலைத் தடுக்க வந்த நல்விதி, இணையத்திலிருந்த பல விளையாட்டுக்களையும் ஊமையாக்கியது. அவற்றை ஆக்கியோர் எதிர்ப்புக் காட்ட, மே மாதத்தில் விதி ஓரளவு தளர்த்தப்பட்டது.

'நேற்று ஒலித்தது, இன்று இல்லை. நாங்கள் எதையும் தொடவில்லை' என்போரின் கூற்றை முன்னாளில் எவரும் நம்புவதில்லை. 2018 ஒக்டோபரில் அக்கூற்று மெய்யாயிற்று. விண்டோஸ் 10 இன் தானியங்கும் இற்றைப்படுத்தல் வழியாக, பொருத்தமற்ற ஓர் இன்டெல் ஒலிச் செலுத்தி தவறுதலாகப் பல கணினிகளுக்குச் சென்றது. உறங்கப் போகும்போது பேசிய கணினிகள் விழித்தபோது பேசவில்லை. தவறு தன்னுடையதே என்று மைக்ரோசொப்ட் ஒப்புக்கொண்டு அச்செலுத்தியை நீக்கும் முறையை அறிவித்தது. வீட்டார் உண்மையாகவே எதையும் தொடவில்லை.

லினக்ஸ் என்னும் கட்டற்ற முறைமையின் கதையும் இதற்கு மாறுபட்டதன்று. அதன் அல்சா என்னும் ஒலியமைப்பு 2003 இன் இறுதியில் முறைமையின் கருவிற் சேர்ந்தது. புதிதாக நிறுவும்போது அது எல்லா வழிகளையும் ஊமை நிலையிலேயே வைத்திருக்கும். திடீரென உரத்த ஒலி எழுந்து காதையும் கருவியையும் கெடுக்காமலிருக்கவே அவ்வாறு செய்தனர். புதியவர்களோ தங்கள் பொறி பழுதென்றே முடிவு செய்தனர்.

இவ்வளவையும் கேட்டோர்க்கு, தேடும் முறை தானே விளங்கும். பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பதே சிறந்தது. ஒலியமைப்புப் பக்கத்தில் ஒலியின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் கோடு உண்டு. பாட்டு ஓடும்போது அக்கோடு ஏறி இறங்குமாயின், செய்நிரல் தன் கடமையைச் செய்கின்றது, குறை அதற்கப்பால். கோடு அசையாதாயின் உலாவியையோ செய்நிரலையோ நோக்குக. அடுத்து, ஒலி எந்த வாய்க்குச் செல்கின்றது என்று பார்த்தல் வேண்டும். அண்மைக் காலத்து மௌனங்களிற் பல இங்கேயே தீர்ந்துவிடும். பின்னர் சேவை, செலுத்தி, அதன்பின் துளை, கம்பி, ஒலிபெருக்கியின் மின்சாரம். ஐயந் தீராவிடின், யூ.எஸ்.பீ. நினைவகத்திலிருந்து லினக்ஸ் முறைமையைத் தற்காலிகமாகத் தொடக்கிப் பார்க்கலாம். அங்கே ஒலி கேட்குமாயிற் சில்லும் துளையும் நலம். குறை வீட்டு முறைமையின் மென்பொருளில். ஒன்றும் புரியாது யாவற்றையும் அழித்து மறுபடி நிறுவும் வழக்கம், தலைவலிக்குத் தலையை மாற்றுவது போன்றதே.

பாட்டுக் கேட்போருக்கு இது அரை நாள் எரிச்சல். கண்பார்வையற்றோருக்கு நிலை வேறு. 1980 களில் அவர்கள் கணினியைப் பயன்படுத்தியபோது, திரையிலுள்ளதைப் படித்துக்காட்டியது தனியாக ஒரு பேசும் பெட்டி. 1984 இல் வந்த டெக்ரோக் அவற்றுட் புகழ்பெற்றது. அது கணினியின் தொடர் துறையிற் பூட்டப்பட்டது. அதற்குச் சொந்த ஒலிபெருக்கியும் சொந்த மின்சுற்றும் இருந்தன. விலை மிக அதிகம். ஆயின் ஒலியட்டையின் சண்டைகள் அதை அணுகா. விபத்தொன்றிற் பார்வையிழந்த முன்னாள் மோட்டார் சைக்கிள் ஓட்டவீரர் டெட் ஹென்ரர் என்பார் 1989 இல் ஜோஸ் என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டபோதும் நிலை அதுவே. விண்டோஸ் காலத்தில் வீட்டு ஒலியட்டையே குரல் கொடுக்கத் தொடங்கியது. 2006 இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கல் கரன் தொடங்கி, அவரைப் போன்றே பார்வையற்ற ஜேம்ஸ் தே உடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் விலையின்றியே கிடைக்கின்றது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். பெரும் பொருள் கொடுத்து வாங்கியது இலவசமாயிற்று. அதே வேளை, பாட்டுச் செல்லும் பாதையும் கண்ணுக்குப் பதிலான பாதையும் ஒன்றாயின.

2018 ஒக்டோபர்ச் செலுத்தியை நீக்கும் முறை திரையில் எழுத்தாகவே காட்டப்பட்டது. பார்வையுள்ளோர் அதைப் படித்துத் திருத்தினர். பார்வையற்ற ஒருவருடைய கணினி அவ்வாறு ஊமையானால், பட்டியலைத் திறந்ததா, எந்த வரியில் நிற்கின்றது, எதை அழுத்தினோம் என்பன எதுவும் அவருக்குத் தெரியாது. ஒலியைத் தேட வேண்டிய கருவியே ஒலிதான். ஆதலால் அவர்களுள் அனுபவமுள்ளோர் யூ.எஸ்.பீ. துளையிற் செருகும் சிறிய ஒலிக்கருவி ஒன்றை எப்பொழுதும் பையில் வைத்திருப்பர். யூ.எஸ்.பீ. ஒலிக்கென 1998 இல் வகுக்கப்பட்ட பொது நியமத்துக்கு அமைந்த கருவிக்குத் தனிச் செலுத்தி வேண்டுவதில்லை. முறைமையிலுள்ள பொதுச் செலுத்தியே போதும். செருகியதும் தாய்ப்பலகைச் சில்லைச் சுற்றிக்கொண்டு குரல் வேறொரு வழியால் வெளிவரும். சிலர் விரல் தடவிப் படிக்கும் பிரெயில் காட்டியையும் உடன் வைத்திருப்பர். அதன் விலை எல்லோர்க்கும் இயைவதன்று.

பீ.சீ.யின் பழைய 'பீப்' ஒலியும் இக்காலத்தில் அருகிவிட்டது. தாய்ப்பலகைகள் பல அச்சிறு ஒலிபெருக்கி இன்றியே விற்கப்படுகின்றன. பொறி தன்னைச் சோதிக்கும்போது காணும் குறையைச் சிலவற்றில் ஈரிலக்க எண்ணும், சிலவற்றிற் சிறு விளக்குகளும் அறிவிக்கின்றன. மடிக்கணினிகள் பலவற்றில், மின்னேற்ற விளக்கு இத்தனை முறை செம்மஞ்சளாகவும் இத்தனை முறை வெள்ளையாகவும் மினுக்குவதை எண்ணிக் கைந்நூலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். டியூரிங் காலத்தில் அறையின் மறுகோடியில் நின்றவனும் காதால் அறிந்த செய்தியை, இன்று அருகில் அமர்ந்து கண்ணால் எண்ண வேண்டியுள்ளது. பார்வையற்றவர் அதற்கு அடுத்த வீட்டாரை அழைக்கின்றார்.